ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து போய்விடாதீர்கள்

ஓசூரில் என்னோடு கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் கோடை வந்தால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "உங்க ஊர்ப் பக்கம் பார்க்க என்ன இருக்கு, சனி ஞாயிறு வரலாமா?" பல வருஷம் நானும் ஒகேனக்கல், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை என்று இரண்டு பெயரைச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர்களும் போய் வெயிலில் சுற்றி, மீன் சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இப்போதெல்லாம் வேறு பதில் சொல்கிறேன். சித்திரையிலிருந்து ஆனிக்குள் ஒரு ராத்திரி வாங்க, பகலில் நன்றாகத் தூங்கிவிட்டு வாங்க, விடிய விடிய பாரதக் கூத்துப் பார்ப்போம், காலையில் களி சாப்பிட்டுவிட்டு மாம்பழம் வாங்கிக்கொண்டு போங்க. வந்தவர்களில் பாதிப் பேர் மறு வருஷம் அவர்களாகவே போன் செய்து "நோட்டீஸ் வந்துடுச்சா?" என்று கேட்கிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது கும்பகோணம் பக்கம். கல்யாணமாகிக் காவேரிப்பட்டணத்தை ஒட்டிய கிராமத்துக்கு வந்தபோது கூத்து பற்றி எனக்கு எதுவும் தெரியாது. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், வயலில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தாலும் கூத்து என்றால் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு முதலில் கிளம்புகிற ஆள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதும், நானே தப்பாகச் செய்து பிறகு திருத்திக்கொண்டதும்தான்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி, மத்தூர், அந்தப் பக்கம் காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம் என்று எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் திரௌபதி அம்மன் கோயில்கள் நிறைய உண்டு. சில ஊரில் அதையே தர்மராஜா கோயில் என்பார்கள். பங்குனி கடைசியில் தொடங்கி ஆடி வரைக்கும் ஏதாவது ஒரு ஊரில் பாரத விழா வைத்திருப்பார்கள். அறுப்பு முடிந்து, அடுத்த மழைக்கு உழவு தொடங்காமல் நிலம் சும்மா கிடக்கிற நாட்கள் அவை. ஊரில் ஆள் இருக்கும், கையில் கொஞ்சம் காசு இருக்கும், வெட்டவெளியில் ராத்திரி மழை பயம் அவ்வளவாக இல்லாமல் உட்காரலாம். எல்லா ஊரிலும் வருஷா வருஷம் நடக்காது. செலவு பெரிது என்பதால் சில ஊர்களில் சில வருஷம் இடைவெளி விட்டுத்தான் வைப்பார்கள். அதனால் போன வருஷம் பார்த்த ஊருக்கே இந்த வருஷமும் கிளம்பிவிடாதீர்கள், விசாரித்துக்கொண்டு போங்கள்.

விழா பல நாட்கள் நடக்கும், பதினெட்டு நாள் என்பது பொதுவான கணக்கு. மத்தியானம் பந்தலில் ஒருவர் உட்கார்ந்து வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதப் பாட்டைப் படித்து அர்த்தம் சொல்வார், அது சொற்பொழிவு. பகலில் படித்த கட்டத்தை ராத்திரி வேஷம் கட்டி ஆடுவார்கள், அது கூத்து. எங்கள் பக்கத்து நோட்டீஸில் பெரும்பாலும் "நாடகம்" என்றே அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்து மேடை நாடகம் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தத் தேதியில் எந்தக் கட்டம் என்று வரிசையாகப் போட்டிருக்கும். பகாசுரன் வதம், வில் வளைப்பு, ராஜசூய யாகம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். பஸ் நிறுத்தச் சுவரிலும் டீக்கடைத் தூணிலும் இந்த நோட்டீஸ் ஒட்டியிருக்கும். இணையத்தில் தேடினால் கிடைப்பது அரிது. காவேரிப்பட்டணம் பஸ் நிலையத்தில் இறங்கி ஒரு டீ குடித்துக்கொண்டே சுவரைப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

நான் முதல் தடவை போனபோது செய்த தப்பு, நோட்டீஸில் "இரவு 9 மணி" என்று இருந்ததை நம்பி எட்டரைக்கே போய் உட்கார்ந்தது. கூத்து தொடங்கும்போது பத்தரை ஆகிவிட்டது. அதற்குள் முதுகு வலித்தது, மகள் மடியிலேயே தூங்கிவிட்டாள், கட்டியங்காரன் வந்து கதை சொல்லிக் கேலி பேசி, ஒவ்வொரு வேஷமாகத் திரைக்குப் பின்னால் நின்று பாடி வெளியே வர, ஒரு மணி வரைக்கும் கதை இன்னும் சபைக்கே வரவில்லை. இவ்வளவுதான் போல என்று எழுந்து வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். காலையில் அத்தை கண் சிவந்து, முகமெல்லாம் வேறு மாதிரி திரும்பி வந்தார். "நீ பாதியில எழுந்து வந்துட்டியே கண்ணு, மூணு மணிக்கு மேலதானே கூத்து" என்றார்.

அதை நான் அடுத்த ராத்திரியே புரிந்துகொண்டேன். கூத்தில் முதல் இரண்டு மூன்று மணி நேரம் ஆட்களை அறிமுகம் செய்கிற நேரம். இரண்டு பேர் ஒரு துணித் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னால் வேஷக்காரர் தன் பெருமையைத் தானே பாடுவார். நமக்குத் தெரிவது திரைக்குக் கீழே சலங்கை கட்டிய இரண்டு கால், மேலே கிரீடத்தின் நுனி. ஆர்மோனியமும் மிருதங்கமும் ஏறிக்கொண்டே போகும், முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல் காதைத் துளைக்கும், கால் குதிக்கிற வேகத்தில் புழுதி திரைக்கு மேலே எழும்பும். திரை விலகும்போதுதான் முகம். அதுவரைக்கும் காத்திருந்ததால் அந்த முகம் சாதாரண மனுஷ முகமாகவே தெரியாது. மார்பில், தோளில், தலையில் கட்டியிருக்கிற கட்டை நகைகளில் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கும். இப்படி ஒவ்வொருவராக வந்து நிலைத்த பிறகு, ஊர் அடங்கி, டீக்கடைப் பேச்சு குறைந்து, குழந்தைகள் தூங்கி, பார்க்க வேண்டும் என்று இருக்கிறவர்கள் மட்டும் மிஞ்சிய பிறகுதான் கதை இறுகும். ஆடுகிறவர்களுக்கும் அது தெரியும். நல்ல பாட்டை அவர்கள் அந்த நேரத்துக்கு வைத்திருப்பார்கள்.

ஆகவே முதல் யோசனை, மத்தியானம் மூன்று மணி நேரமாவது தூங்குங்கள். ராத்திரி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் போனால் போதும். முடியவே முடியாது என்றால் முன்பகுதியை விட்டுவிட்டு இரண்டு மணிக்குப் போய் விடியும் வரைக்கும் பாருங்கள். ஒரு மணிக்கு எழுந்து போவதைவிட அது எவ்வளவோ மேல்.

கதை தெரியாமல் போகாதீர்கள் என்பதும் முக்கியம். மகாபாரதம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் பாட்டு ராகம் இழுத்துப் பாடும்போது ஐந்து வரிக்கு ஒரு வரிதான் காதில் பிடிபடும். அன்றைக்கு எந்தக் கட்டம் என்று பார்த்து, அதை மட்டும் படித்துவிட்டுப் போனால் போதும். அதைவிட நல்லது, மத்தியானச் சொற்பொழிவில் ஒரு மணி நேரம் உட்காருவது. பந்தலில் நிழல் இருக்கும், வயதானவர்கள் நிறைய இருப்பார்கள், மோர் கொடுப்பார்கள். பாட்டைப் படித்து, பிறகு பேச்சு வழக்கில் விளக்கி, நடுவில் இந்த ஊர் வாய்க்கால் சண்டையையே உதாரணமாகச் சொல்வார் படிக்கிறவர். அதைக் கேட்டுவிட்டு ராத்திரி அதே கட்டத்தைப் பார்த்தால் வார்த்தை பிடிபட ஆரம்பித்துவிடும். நான் கூத்தைப் பிடித்துக்கொண்டது இப்படித்தான்.

எந்த ராத்திரிக்குப் போவது என்று கேட்பார்கள். ஒரே ஒரு ராத்திரிதான் முடியும் என்றால் துகிலுரிதல் அன்றைக்குப் போங்கள் என்பேன்.

அதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்தது மூன்றாவது வருஷம். விடியற்காலை மூன்றரை இருக்கும். துச்சாதனன் திரௌபதியை ஆடுகளத்துக்கு இழுத்து வருகிறான். திரௌபதி வேஷம் கட்டியிருந்தவர் ஐம்பது வயது தாண்டிய ஆண், முந்தின நாள் பகலில் அவரை லுங்கியோடு டீக்கடையில் பார்த்திருக்கிறேன். புடவையில் கை வைக்கிற இடம் வந்ததும் பாட்டு நின்றது. மிருதங்கம் நின்றது. ஒருவர் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தார். துச்சாதனன் வேஷக்காரர் அந்தத் தட்டுக்கு முன்னால் கையைக் கூப்பினார். கை நடுங்குவது மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. திரும்பிக் கோயில் பக்கம் ஒரு கும்பிடு, திரௌபதியாக நிற்கிறவரின் காலைத் தொட்டு ஒரு கும்பிடு. பின்னால் இரண்டு ஆட்கள் அவரைப் பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றார்கள். அதற்கு அப்புறம்தான் புடவையைத் தொட்டார். திரௌபதி கோவிந்தா என்று குரல் எடுத்தபோது என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள், அத்தை உட்பட. எல்லோர் வாயிலும் கோவிந்தா. நானும் எழுந்து நின்றேன், எப்போது எழுந்தேன் என்று இப்போதும் ஞாபகம் இல்லை. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதுகூடச் சில நாள் அந்தக் குரல் காதில் இருந்தது.

அந்த ராத்திரி ஒரு தப்பும் செய்தேன். கற்பூரம் ஏற்றுகிற நேரத்தில் போனை எடுத்துப் படம் பிடித்தேன், பிளாஷ் அணைக்க மறந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார், ஒன்றும் சொல்லவில்லை. ஆடுகிறவர் அந்த நேரத்தில் இருக்கிற நிலையில் திடீர் வெளிச்சம் அவரைக் கலைக்கும் என்று பிறகு அத்தை சொன்னார். வேஷம் வருகிற நேரம், கட்டியங்காரன் பேசுகிற நேரம் என்று படம் எடுக்க எவ்வளவோ இடம் இருக்கிறது. கற்பூரம் ஏற்றினால் போனைப் பைக்குள் வையுங்கள். அதே மாதிரி, வேஷம் போடுகிற இடத்தை எட்டிப் பார்க்கலாம், பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆளுக்கொரு சின்னக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு தானே முகத்தில் அரிதாரம் பூசிக்கொள்வதைப் பார்ப்பதே ஒரு தனிக் கூத்து. ஆனால் அங்கே பேச்சுக் கொடுக்காதீர்கள், செல்பி கேட்காதீர்கள். எல்லாம் விடிந்த பிறகு கேளுங்கள், சந்தோஷமாக நிற்பார்கள்.

என் அலுவலகத் தோழிகள் முதல் தடவை பெங்களூரிலிருந்து வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை ராத்திரி துகிலுரிதல் என்று நோட்டீஸைப் பார்த்து வரச் சொன்னேன். நடுவில் ஒரு நாள் கோடை மழை அடித்துப் பந்தல் நனைந்து, ஒரு ராத்திரிக் கூத்து தள்ளிப்போய், அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் ஒரு நாள் நகர்ந்துவிட்டது. அவர்கள் தொண்ணூறு கிலோமீட்டர் வந்து பார்த்தது ராஜசூய யாகம். நல்ல கூத்துதான், ஆனால் நான் சொல்லி அழைத்தது அது இல்லையே, எனக்குச் சங்கடமாகிவிட்டது. நோட்டீஸின் அடியில் விழாக் குழுவினர் போன் நம்பர் போட்டிருப்பார்கள். கிளம்புகிற அன்று மத்தியானம் ஒரு தடவை கூப்பிட்டு, "அண்ணா, இன்னைக்கு எந்தக் கட்டம்?" என்று கேட்டுவிடுங்கள். வெளியூரிலிருந்து வருகிறோம் என்று சொன்னால் இடம் பிடித்துக்கூட வைப்பார்கள்.

உட்காருகிற இடம். ஆடுகளத்துக்கு மிக அருகில் முன்வரிசை வேண்டாம், புழுதியும் பூச்சியும். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவே கூடாது. எனக்கு இந்த விஷயத்தில் பெரிய வருத்தம் உண்டு. தொண்டையாலும் மிருதங்கத்தாலும் நடக்கிற கலைக்கு இவ்வளவு சத்தம் தேவையே இல்லை, குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன். இசைக்காரர்கள் உட்காருகிற பக்கத்தைப் பாருங்கள். அவர்களுக்கு எதிரே, மூன்றாவது நான்காவது வரிசையில், ஒரு ஓரமாக உட்கார்ந்தால் முகமும் தெரியும், காலும் தெரியும், எழுந்து போகவும் வழி இருக்கும். ஜமுக்காளமோ பாயோ கொண்டுபோங்கள். சித்திரை வெயில் கொளுத்தினாலும் விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் பக்கம் குளிரும், ஒரு போர்வை இருக்கட்டும். தண்ணீர், டார்ச், கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொள்ள.

பெண்கள் தனியாக வரலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள்தான், பயப்பட வேண்டியதில்லை. உண்மையான சிரமம் கழிப்பறை. கோயில் பக்கம் வசதி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சாயங்காலமே போய்க் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற பெண்களிடம் இரண்டு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அக்கா, ராத்திரி கூத்துப் பார்க்க வந்திருக்கோம், கொஞ்சம் உங்க வீட்டுக்கு வந்துக்கலாமா?" என்று கேட்டால் மறுக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. காலையில் காபி குடிக்காமல் விடவும் மாட்டார்கள். அப்புறம் வண்டி. கிராமத்துக்குப் போகிற டவுன் பஸ் ராத்திரி நின்றுவிடும், திரும்பக் காலை முதல் பஸ்தான். சொந்த வண்டியில் வருகிறவர்கள், விடிய விடிய கண் விழித்துவிட்டு நெடுஞ்சாலையில் தாங்களே ஓட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். கிருஷ்ணகிரியில் ஒரு அறை எடுத்து மத்தியானம் வரைக்கும் தூங்கிவிட்டுப் போங்கள். இதை நான் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

காசு கொடுப்பது பற்றி. கூத்துக்கு டிக்கெட் கிடையாது. நடுவில் யாராவது வந்து வேஷக்காரர் சட்டையில் நோட்டைக் குத்துவார்கள், உடனே கூத்தை நிறுத்தி இன்னாருடைய அன்பளிப்பு இவ்வளவு என்று அறிவிப்பார்கள். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது, கதை நடுவில் இது என்ன என்று. பிறகுதான் தெரிந்தது, ஊர் கொடுக்கிற தொகையைப் பத்துப் பதினைந்து பேர் பங்கு பிரித்தால் கைக்கு வருவது குறைவு, இந்த நூறும் இருநூறும் அவர்களுக்குப் பெரிய விஷயம். ஆடி முடிந்தால் பலர் விவசாய வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்விடுகிறார்கள். அதனால் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். பெயர் அறிவிக்க வேண்டாம் என்றால் கட்டியங்காரனிடம் காதில் சொல்லிவிடலாம்.

துகிலுரிதல் தவிர, பகலில் நடக்கிறவையும் உண்டு, குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அவைதான் தோது. பகாசுரன் வதத்தன்று பீம வேஷக்காரர் சோறும் பலகாரமும் ஏற்றிய வண்டியில் ஊரைச் சுற்றி வருவார், பின்னால் குழந்தைகள் ஓடும். அர்ச்சுனன் தபசுக்கு உயரமான பனைமரத்தை நட்டுப் படி வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சை, வில்வம், விபூதி எல்லாம் வீசுவார். பிள்ளை வேண்டும் என்று ஈரப் புடவையோடு பெண்கள் கீழே படுத்திருப்பார்கள். அவர்களைப் படம் எடுக்காதீர்கள், அது அவர்கள் வேண்டுதல். விழுகிற எலுமிச்சைக்குத் தள்ளுமுள்ளு நடக்கும், சின்னக் குழந்தைகளோடு அந்த வட்டத்துக்குள் போக வேண்டாம்.

காலை கூத்து முடிந்தால் பசி வயிற்றைப் பிடுங்கும். ராத்திரி முழுக்கக் கோயிலைச் சுற்றிக் கடை இருக்கும், வேகவைத்த வேர்க்கடலை, போண்டா, சுக்குக் காபி, எங்கள் பக்கத்து நிப்பட்டு. அது தட்டை மாதிரிதான், கொஞ்சம் தடிமனாக, கடலை போட்டு இருக்கும். ஆனால் காலையில் எனக்குக் கேழ்வரகுக் களிதான். களி உருண்டையில் குழி செய்து கீரைக் கடைசலையோ மொச்சைக் குழம்பையோ ஊற்றி, மெல்லாமல் விழுங்க வேண்டும். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் மென்றுகொண்டே இருந்து பல்லில் ஒட்டிக்கொள்கிறது என்பார்கள். சின்னதாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே உள்ளே தள்ளுங்கள்.

இதே பருவம்தான் மாம்பழப் பருவமும். சித்திரையில் செந்தூரா வந்துவிடும், பிறகு அல்போன்சா, பெங்களூரா, கடைசியில் நீலம். பெங்களூரா என்று நாங்கள் சொல்வது மூக்கு நீண்ட தோதாபுரியை. கிருஷ்ணகிரியைச் சுற்றியிருக்கிற மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு அதிகம் போவது அதுதான். சாப்பிட வாங்குகிறீர்கள் என்றால் பளபளவென்று ஒரே மஞ்சளாக இருப்பதை எடுக்காதீர்கள். கெட்டியான முற்றிய காயாகக் கேட்டு வாங்கி வீட்டில் வைக்கோலில் பழுக்க வைத்துக்கொள்ளுங்கள், ருசியே வேறு. தோப்பிலேயே காவலுக்கு இருக்கிறவர்கள் விலை சொல்லி விற்பார்கள், கூத்து முடிந்து வருகிற வழியில் நான் அப்படித்தான் வாங்குவேன். பருவம் முடிகிற நேரத்தில் கிருஷ்ணகிரியில் அகில இந்திய மாங்கனி கண்காட்சி நடக்கும். மாலையில் கூட்டம் தாங்காது, மாங்காய் ரகங்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் கண்காட்சி திறந்ததும் போய்விடுங்கள்.

இரண்டு ராத்திரிக்கு நடுவில் பகல் பொழுது சும்மா இருந்தால் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, விடுமுறை நாளை விசாரித்துக்கொண்டு போங்கள். தருமபுரியில் நடுகற்களைப் பாருங்கள். மாட்டு மந்தையைக் கவர்கிற சண்டையில் செத்தவன், ஊரைக் காத்துச் செத்தவன் என்று கையில் வில்லோடும் வாளோடும் நிற்கிற கல் மனிதர்கள். அபிமன்யு வதம் பார்த்த மறுநாள் நான் அங்கே போனேன், அதிக நேரம் நின்றுவிட்டேன். இந்த மண்ணில் சண்டையில் செத்தவனைக் கல்லில் வைத்துக் கும்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அபிமன்யுவுக்காக விடியற்காலையில் அழுகிறார்கள் என்று தோன்றியது. அதியமான்கோட்டை தருமபுரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே கால பைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமியன்று கூட்டம் அலைமோதும், அமைதியாகப் பார்க்க வேண்டுமானால் வேறு நாளில் போங்கள்.

ஒகேனக்கல் பற்றி ஒரு வார்த்தை. ஆடிப்பெருக்குக்கு அங்கே போவது எங்கள் பக்கத்து வழக்கம், போய்ப் பாருங்கள். ஆனால் கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்து அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிற காலமும் அதுதான். வரத்து கூடினால் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள். பரிசலில் போகத்தான் ஆசை என்றால் வெள்ளம் வடிந்த பிறகு வாங்க. மற்றபடி தை மாதம் வருகிறவர்களுக்கு எருது விடும் விழா (தடுப்புக்கு வெளியே நின்று மட்டும் பாருங்கள்), தைப்பூசத்துக்குத் தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் பெண்கள் வடம் பிடித்து இழுக்கிற தேர், மாசியில் சிவராத்திரி முடிந்த கையோடு காவேரிப்பட்டணத்தில் அங்காளம்மன் விழாவான மயானக் கொள்ளை. ஒவ்வொன்றையும் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கூத்துக்கே திரும்புகிறேன், கடைசி நாளைச் சொல்லாமல் விட முடியாது. ராத்திரி பதினெட்டாம் போர் ஆடி, விடிந்ததும் படுகளம். மைதானத்தில் துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுத்த வைத்திருப்பார்கள், தலையிலிருந்து கால் வரை நடந்து பார்க்க வேண்டிய நீளம். சுண்ணாம்பும் வண்ணமும் பூசி, பெரிய மீசை வைத்து, கண்ணை விழித்தபடி படுத்திருப்பான். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள், கூட்டமும் கூட ஓடும். கடைசியில் பீமன் தொடையில் அடிப்பான், உள்ளே வைத்திருக்கிற சிவப்புத் தண்ணீர் தெறிக்கும். திரௌபதி அத்தனை நாளும் விரித்துக் கிடந்த கூந்தலை அங்கே முடிவாள். வில்லிபுத்தூரார் தம் பாரதத்தின் பத்துப் பருவத்தைப் பதினெட்டாம் நாள் போரோடு முடித்தது மாதிரி எங்கள் விழாவும் அங்கேதான் முடிகிறது, சாயங்காலம் தீமிதியோடு. நான் முதலில் பார்த்தபோது அந்தக் கூந்தல் முடிகிற இடத்தில் எல்லோரும் ஆரவாரம் செய்வார்கள் என்று நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை. பெரிய மூச்சு விட்ட மாதிரி கூட்டம் ஒரு நிமிஷம் அடங்கியது. அத்தை குனிந்து அந்த மண்ணிலிருந்து ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் கேழ்வரகு வைத்திருக்கிற குதிரில் போட்டார். இப்போது அவருக்கு முட்டி வலி, குனிய முடிவதில்லை, நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

போன வருஷம் படுகளம் முடிந்து, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது, குழுவினர் கட்டை நகைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திரௌபதி வேஷம் கட்டுகிற அண்ணன் முகம் கழுவி, காது ஓரத்தில் இன்னும் கொஞ்சம் அரிதாரம் மிச்சமிருக்க, வேன் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "அடுத்து எந்த ஊருங்கண்ணா?" என்று கேட்டேன். ஊர்ப் பெயரையும் தேதியையும் சொல்லிவிட்டு, "துகிலுரிதல் வியாழக்கிழமை வருதும்மா, அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, நாற்காலி போடச் சொல்றேன்" என்றார். போனில் குறித்துக்கொண்டேன். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு, மூன்று மணி நேரம் தூங்கி, அத்தையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.